கேலியும் கொடுமையும் ஒரே மூட்டை அல்ல

“நெட்டுல நடக்கிறதெல்லாம் ஒரு விஷயமா? போனை அணைச்சுட்டு வேலையைப் பாரு.” ராமகுப்பம் பக்கம் இந்த அறிவுரை தமிழிலும் கிடைக்கும், தெலுங்கிலும் கிடைக்கும். சித்தூர் மாவட்டத்தின் மேற்கு மூலையில், குப்பம் தொகுதிக்குள் இருக்கும் மண்டலம் இது. ஒரு பக்கம் போனால் வாணியம்பாடி, இன்னொரு பக்கம் போனால் கோலார் தங்கவயல். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, பெங்களூருக்கு வேலைக்குப் போனால் கன்னடம் என்று பழகிய மக்கள், கைபேசிக்குள் வந்ததும் ஒரே மொழி பேசுகிறார்கள்: ட்ரோல், மீம், வைரல், லீக், பிளாக், ஃபார்வர்ட்.

பெரியவர்கள் இந்த அறிவுரையை மானத்துக்குப் பயந்து சொல்கிறார்கள். வெளியே தெரிந்தால் நமக்குத்தான் கேவலம் என்பது அவர்கள் கணக்கு. பையன்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள்: “ட்ரோல்னா ட்ரோல்தான், ஜாலிக்குப் பண்றது, இதுக்கெல்லாம் ஸ்டேஷனுக்கா போவாங்க?” படித்தவர்களின் பேச்சில் கொஞ்சம் மெருகு இருக்கும். இணையம் கருத்துச் சுதந்திரத்தின் வெளி, பிடிக்காதவரை பிளாக் செய்யும் பொத்தான் இருக்கிறது, பதில் சொல்லாமல் விட்டால் தானாக அடங்கிவிடும் என்பார்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. இணையத்தில் நடப்பது வெறும் பேச்சு, பேச்சுக்கு என்ன பெயர் வைத்தால்தான் என்ன என்பது அது.

அந்த நம்பிக்கை தவறு, ஆபத்தானதும்கூட. அதிகாரத்தில் இருப்பவரைக் கிண்டல் செய்வது ஒரு காரியம். ஒரு தனி ஆளைக் குறிவைத்து, வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடாமல் துரத்துவது வேறு காரியம். இரண்டையும் ‘ட்ரோல்’ என்ற ஒரே மூட்டையில் போட்டுக் கட்டிவிட்டோம். விளைவாக, துரத்தப்பட்ட பெண்ணைப் பார்த்துக் ‘கண்டுக்காதே’ என்கிறோம், கிண்டல் செய்தவரைப் பிடித்துச் சிறைக்கு அனுப்புகிறோம். இரண்டும் அநியாயம். இரண்டுமே நம் ஊர்களில் நடந்திருக்கின்றன.

‘தீனி போடாதே, அடங்கிவிடும்’ என்ற அறிவுரைக்கு ஒரு பிறந்த இடம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் யூஸ்நெட் என்ற செய்திக்குழுக்களில் பழகியவர்கள், புதிதாக வந்தவர்களைச் சீண்டிப் பார்க்க, தெரிந்தே ஒரு மடத்தனமான கேள்வியை வீசுவார்கள். யார் கடிக்கிறார் என்று பார்ப்பது விளையாட்டு. படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே போய் மீன் பிடிக்கும் முறைக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘ட்ரோல்’ என்ற பெயரையே அதற்கும் வைத்தார்கள். வட ஐரோப்பியக் கதைகளில் வரும் பூதத்தின் பெயரும் அதுவே என்பதால் பூதமும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அங்கே வீசுபவருக்கும் கடிப்பவருக்கும் முகம் தெரியாது, ஊர் தெரியாது, அப்பா பெயர் தெரியாது. பதில் சொல்லாவிட்டால் ஆட்டம் முடிந்தது. அந்த இடத்துக்கு அந்த அறிவுரை முழுக்கச் சரி.

அதைத் தூக்கி வந்து, நம் தெருப் பெயரும் அப்பா வேலை செய்யும் இடமும் தெரிந்த ஒருவன் செய்யும் காரியத்துக்குப் பொருத்துவதில்தான் கோளாறு. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 21 வயதுப் பட்டதாரிப் பெண். அவருடைய முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். அவர் யாருக்கும் தீனி போடவில்லை, யாரோடும் வாதம் செய்யவில்லை. குடும்பம் காவல்துறையிடம் போனது. நடவடிக்கை இழுத்தது. இன்னொரு படம் வந்தது. புகார் கொடுத்த சில நாட்களில் அந்தப் பெண் உயிரை விட்டார். பெற்றவர்களே நம்பவில்லையே என்ற வேதனையைக் கடிதத்தில் எழுதி வைத்திருந்தார். கைதானவர், பெண் கேட்டு மறுக்கப்பட்ட இளைஞர். தாமதத்துக்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். போனை அணைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? படம் இருந்தது அவர் போனில் அல்ல, ஊரார் போனில். அணைப்பதென்றால் ஊரையே அணைக்க வேண்டும்.

லோன் ஆப் கதை இதைவிட நேரடியானது. சில ஆயிரம் ரூபாய் கடனுக்காக ஒரு செயலியை இறக்கும்போது, தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். அவசரத்தில் யாரும் படிக்காமல் ‘சரி’ அழுத்துகிறார்கள். தவணை தவறியதும் கடன் வாங்கியவரின் படத்தை மாற்றி, அவருடைய மாமனார், அண்ணி, மேஸ்திரி, பள்ளி ஆசிரியர் என்று எல்லா எண்ணுக்கும் அனுப்புகிறார்கள். 2022 செப்டம்பரில் ராஜமகேந்திரவரத்தில் ஒரு தம்பதி இந்தக் கொடுமை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டபோது ஆந்திரம் முழுக்க அதிர்ந்தது. கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் கோப்புகளையும் அழைப்புப் பதிவுகளையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அதே மாதம் விதி வகுத்தது. இங்கே போனை அணைப்பவர்தான் மேலும் மாட்டிக்கொள்கிறார். அவர் எடுக்காத அழைப்புகள் எல்லாம் அவர் சொந்தக்காரர்களுக்குப் போகும்.

‘நிஜ உலகம் வேறு, நெட் உலகம் வேறு’ என்று பிரித்துப் பேசுகிறவர்களுக்குக் குப்பத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. 2025 ஜூனில் குப்பம் மண்டலம் நாராயணபுரத்தில், கணவன் வாங்கிய 80,000 ரூபாய்க் கடனுக்காக ஒரு பெண்ணை மரத்தில் கட்டி வைத்தார்கள். யாரோ அதைக் கைபேசியில் படம் பிடித்தார். அந்தக் காணொளி பரவியதால்தான் காவல்துறை ஓடி வந்தது, தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரான முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு தலையிட்டார், குடும்பத்துக்கு உதவியும் வந்தது. பரவல் அங்கே நன்மை செய்தது, மறுக்க முடியாது. அதே பரவல் அந்தப் பெண்ணின் அவமானத்தை இந்தியா முழுக்க ஓட்டியும் காட்டியது. கயிறு நிஜ உலகம், காணொளி நெட் உலகம் என்று எந்த இடத்தில் கோடு போடுவீர்கள்? கட்டியவரும் பிடித்தவரும் பகிர்ந்தவரும் காப்பாற்றியவரும் ஒரே உலகத்தில்தான் இருந்தார்கள். அந்த நால்வர் செய்ததையும் ‘வைரல்’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிட்டு நகர்ந்தோம்.

சொல்லுக்கு வருகிறேன். ‘லீக் ஆயிடுச்சு’ என்கிறோம். குழாய் ஒழுகும், கூரை ஒழுகும், அதற்கு ஆள் தேவையில்லை. ஒரு பெண்ணின் அந்தரங்கப் படம் தானாக ஒழுகாது. ஒருவன் அதை வைத்திருந்தான், ஒரு நாள் அனுப்பினான். ‘வைரல் ஆயிடுச்சு’ என்பதிலும் அனுப்பியவர் இல்லை, காய்ச்சல் மட்டும் இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகைகள் பல ஆண்டுகளாக வைத்திருக்கும் ‘ஒருதலைக் காதல்’ என்ற தலைப்பு இதைவிட மோசம். மறுத்த பெண்ணைப் பின்தொடர்ந்து வெட்டிய கொலையைக்கூட அந்தத் தலைப்பில் அச்சடித்தோம். காதல் என்ற சொல்லுக்கு உரிய அனுதாபத்தில் பாதி வெட்டியவனுக்குப் போனது.

எங்கள் பக்கத்துத் தெலுங்கில் ‘வேதிம்பு’ என்ற சொல் புழங்குகிறது. மாமியார் கொடுமை, சீனியர் மாணவர்களின் ராகிங், மேலதிகாரியின் தொல்லை, வாட்ஸப் மிரட்டல் எல்லாவற்றுக்கும் தெலுங்குப் பத்திரிகைகள் அதைப் போடுகின்றன. அது வினையிலிருந்து வந்த சொல், வதைத்தவர் உள்ளே இருக்கிறார். தமிழ்ச் செய்தியாளர்கள் அதே இடத்தில் ‘சீண்டல்’ என்கிறார்கள். பூனையைச் சீண்டலாம், தம்பியைச் சீண்டலாம். எட்டு மாதம் போலிக் கணக்கு வைத்து ஒருவரைத் துரத்துவது சீண்டலா?

இளைஞர்களின் இணையத் தமிழ் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. ‘சம்பவம்’, ‘வச்சு செஞ்சுட்டாங்க’, ‘தூக்கிட்டாங்க’, ‘பங்கம்’, ‘கழுவி ஊத்திட்டாங்க’. இவற்றில் முதல் மூன்றும் சென்னை ரவுடிப் படங்களின் வசனத்திலிருந்து வந்தவை. அங்கே சம்பவம் என்றால் கொலை. ரசிக்கும்படியான சொற்கள்தாம், நானும் ரசித்திருக்கிறேன். தேர்தலில் தோற்ற கட்சியை ‘வச்சு செஞ்சா’ யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் எல்லாச் சொற்களும் செய்தவன் பக்கத்திலிருந்தே பார்க்கின்றன. பட்டவர் பக்கத்திலிருந்து வந்த ஒரே சொல் ‘கதறல்’. அதையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். யாராவது வலிக்கிறது என்று சொன்னால் ‘கதறுறான் பாரு’, ‘கதறல் சத்தம் கேக்குதா’ என்று அடுத்த மீம் தயார். புகார் சொல்வதே தோல்வி என்று ஆக்கிவிட்ட ஒரு மொழிக்குள் இருந்துகொண்டு, ‘புகார் கொடுக்க வேண்டியதுதானே’ என்று கேட்கிறோம்.

‘சொல்தானே’ என்பவர்களுக்குத் தமிழ்நாட்டின் சட்ட வரலாறே பதில் சொல்லும். 1998இல் சென்னையில் கேலி செய்த கும்பலால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு, அரசு அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. பெயர் ‘ஈவ் டீசிங்’ தடைச் சட்டம். ஆதாம் ஏவாள் கதையை வைத்து, ஏவாள் என்றால் ஆணை மயக்கியவள் என்ற குத்தலோடு, செய்வது வெறும் கேலி என்று சொல்லும் பெயர். ஒரு சாவுக்குப் பிறகு இயற்றிய சட்டத்துக்கே கேலி என்று பெயர் வைத்தார்கள். 2002இல் திருத்தி, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று மாற்றினார்கள். பெயர் மாறியதும் குற்றம் நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். நிற்கவில்லை. ஆனால் புகார் கொடுக்கப் போகும் பெண் தன்னை யாரோ ‘டீஸ்’ செய்தார் என்று சொல்ல வேண்டிய அவமானம் தீர்ந்தது. 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவு வந்தபோது வரையறை இன்னும் கூர்மையானது. விருப்பமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் மீண்டும் மீண்டும் தொடர்புகொள்வது, அவருடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பது, இரண்டும் பின்தொடர்தல் குற்றம். இப்போது அது பாரதிய நியாய சம்ஹிதையின் 78ஆம் பிரிவு. ‘ட்ரோல்’ என்ற சொல் அதில் எங்கும் இல்லை, இருக்கவும் வேண்டாம். (ஆண்கள் பாதிக்கப்பட்டால் அந்தப் பிரிவு உதவாது. லோன் ஆப் கொடுமையில் சிக்குபவர்களில் ஆண்களும் உண்டு என்பதை நினைத்தால், அந்த ஓட்டையை அடைக்க வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.)

இப்படிக் கூர்மையாகப் பெயர் சொன்னால் வேலை நடக்கிறது. 2004 பிப்ரவரியில் சென்னையில் ஒரு பெண் புகார் கொடுத்தார். அவர் பெயரில் போலி மின்னஞ்சல் தொடங்கி, யாஹூ குழுவில் ஆபாசச் செய்தியோடு அவருடைய எண்ணையும் போட்டிருந்தான் ஒருவன். முன்பின் தெரியாத ஆண்கள் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். காவல்துறை எங்கிருந்து அனுப்பப்பட்டது என்று தடம் பிடித்து, மும்பையில் ஆளைக் கைது செய்தது. அவரும் பெண் கேட்டு மறுக்கப்பட்டவர்தான். அதே ஆண்டு நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் தண்டனை விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் இந்தியாவிலேயே முதல் தண்டனை அது. ஸ்மார்ட்போன் இல்லாத காலத்தில், ஒன்பதே மாதத்தில். ‘நெட்டுல நடந்ததை யாரு கண்டுபிடிக்கிறது’ என்று இன்றும் சொல்பவர்கள் அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இனி மூட்டையின் மறுபாதி. ‘கண்டுக்காதே’ என்று சொல்லும் அதே வாய், தன் தலைவரைப் பற்றி யாராவது மீம் போட்டால் ‘எல்லாரையும் உள்ளே தள்ளணும், கடுமையான சட்டம் வேணும்’ என்கிறது. அப்படி ஒரு சட்டம் இருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008இல் திருத்திச் சேர்க்கப்பட்டு, 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 66ஏ பிரிவு. மிகவும் புண்படுத்துவது, எரிச்சல் தருவது, அசௌகரியம் தருவது என்று அளவுகோலே இல்லாத சொற்களால் நெய்தது. மூன்று ஆண்டு வரை சிறை.

2012 அக்டோபர் ஒன்று போதும், அந்தப் பிரிவைப் புரிந்துகொள்ள. அந்த மாதம் பாடகி சின்மயி, ட்விட்டரில் தன்னை ஆபாசமாகப் பேசித் தொடர்ந்து துரத்துகிறார்கள் என்று சென்னைக் காவல்துறையிடம் புகார் கொடுத்தார். இருவர் கைதானார்கள். அதே மாதக் கடைசியில் புதுச்சேரியில் தொழில் செய்யும் ஒருவர், அப்போதைய நிதியமைச்சரின் மகன் கார்த்தி சிதம்பரத்தின் சொத்தைப் பற்றி ட்வீட் போட்டதற்காக விடியற்காலையில் கைதானார். அவருடைய கணக்கைப் பின்தொடர்ந்தவர்கள் மிகச் சிலரே. இரண்டு வழக்கிலும் ஒரே பிரிவு, 66ஏ. அமைச்சர் மகனின் சொத்தைப் பற்றிய சந்தேகமும் ஒரு பெண்ணின் மீதான ஆபாசத் தாக்குதலும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தன. தளர்ந்த சொல் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் தேடவில்லை. சின்மயியின் புகாரை அன்று எத்தனையோ பேர் கருத்துச் சுதந்திரத்தின் பெயரால் கிண்டல் செய்தார்கள். மூட்டையைப் பிரிக்காமல் பேசியவர்கள் அவர்கள். 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை ரத்து செய்தது. செத்த பிரிவிலும் காவல் நிலையங்கள் வழக்குப் பதிந்துகொண்டே இருந்ததால், இனி யார் மேலும் அதில் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது.

பிரிவு போனாலும் பழக்கம் போகவில்லை. 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்தது. கேலிச்சித்திரக்காரர் பாலா, முதலமைச்சரையும் ஆட்சியரையும் காவல் ஆணையரையும் ஆடையில்லாமல், பண நோட்டால் மறைத்தபடி வரைந்தார். நவம்பர் 5 அன்று கைது. போட்ட பிரிவு? 67. அதே ஆபாசப் பிரிவு. 2004இல் எழும்பூரில் ஒரு பெண்ணைக் காப்பாற்றிய பிரிவு, 13 ஆண்டு கழித்து அதே நவம்பர் 5இல் கந்துவட்டிக்கு எதிராக வரைந்தவரின் வீட்டுக் கதவைத் தட்டியது. மறுநாளே ஜாமீன் கிடைத்தது என்பது அவருக்கு ஆறுதல், நமக்கு இல்லை.

ஆந்திரத்தில் இந்த விஷயத்தில் ஆட்சி மாறினாலும் வழக்கம் மாறவில்லை. 2020இல் விசாகப்பட்டினம் விஷவாயுக் கசிவைப் பற்றிக் கேள்வி கேட்டு ஃபேஸ்புக்கில் எழுதிய குண்டூரைச் சேர்ந்த முதிய பெண்மணி மேல் சிஐடி வழக்குப் போட்டது. அப்போது ஒய்எஸ்ஆர் காங்கிரஸின் ஜெகன் ஆட்சி. 2024இல் சந்திரபாபுவின் கூட்டணி ஆட்சி வந்ததும், நவம்பரில் ஒய்எஸ்ஆர் காங்கிரஸின் சமூக ஊடக ஆட்கள் மேல் மாவட்டந்தோறும் வழக்குகள் பாய்ந்தன. நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர்கள் போட்டவற்றில் தலைவர்களின் வீட்டுப் பெண்களைப் பற்றிய அருவருப்பான பதிவுகளும் இருந்தன, ஆட்சியைக் குறை சொன்ன சாதாரணப் பதிவுகளும் இருந்தன. பிரித்துப் பார்த்து முதல் வகைக்கு மட்டும் வழக்குப் போட்டிருந்தால் யாருக்கும் பேச்சில்லை. 2025 ஜூலையில் ஆந்திர உயர் நீதிமன்றம், சமூக ஊடக வழக்குகளில் கண்ணை மூடிக்கொண்டு காவலுக்கு அனுப்பாதீர்கள், உச்ச நீதிமன்றத்தின் நெறிகளைப் பின்பற்றுங்கள் என்று மாஜிஸ்திரேட்டுகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பும் நிலை வந்தது. காசு வாங்கிப் பதிவு போடுகிறவர்கள் என்ற பொருளில் ‘பேடிஎம் பேட்ச்’ என்று இங்கே ஏசுகிறார்கள், ‘200 ரூபாய் உபி’ என்று எல்லைக்கு அந்தப் பக்கம் ஏசுகிறார்கள். அந்த ஏச்சை எல்லாம் நான் குற்றம் என்று சொல்ல மாட்டேன். கட்சிக்காரனைக் கட்சிக்காரன் திட்டுவது பழைய மேடையிலும் இருந்ததுதான்.

கெட்ட வார்த்தை வந்தாலே குற்றம் என்று நினைப்பதும் இந்த மூட்டையைச் சேர்ந்த இன்னொரு தவறு. எங்கள் எல்லைப் பக்கத்தில் பாசத்துக்கே பாதிப் பேர் கெட்ட வார்த்தை பேசுவார்கள், அதுவும் இரண்டு மொழியில். தண்ணீர் வராத கோபத்தில் ஒருவன் அதிகாரியைக் கொச்சையாகத் திட்டி ஒரு பதிவு போட்டால் அது நாகரிகமில்லை, அவ்வளவுதான். ஆனால் ‘வணக்கம் மேடம், உங்க பொண்ணு எந்த பஸ்ல காலேஜுக்குப் போகுதுன்னு எங்களுக்குத் தெரியும்’ என்று மரியாதையாக ஒரு செய்தி வந்தால் அதில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. எது கொடுமை என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கொடுமையைக் கணினியால் வடிகட்ட முடியாததற்கும் காரணம் இதுவே. வார்த்தையைப் பார்ப்பவர்களால் பிடிக்க முடியாது. யார் மேல், எத்தனை முறை, நிறுத்தச் சொன்ன பிறகுமா, அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு என்று பார்ப்பவர்களால் முடியும். பத்து லட்சம் பேர் ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவர் மேல் விழும் மீமுக்கும், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையின் படத்துக்கும் இந்தக் கேள்விகள் வேறு வேறு பதிலைத் தரும்.

‘கடுமையான தனிச் சட்டம்’ கேட்பவர்கள் ஆந்திரத்தின் திஷா சட்டத்தை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2019 டிசம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சமூக ஊடகத்தில் பெண்களைத் துன்புறுத்தினால் முதல் முறை இரண்டு ஆண்டு, அடுத்த முறை நான்கு ஆண்டு என்று அதில் ஒரு தனிப் பிரிவு இருந்தது. கட்டவுட் வைத்துக் கொண்டாடினார்கள், செயலி வெளியிட்டார்கள். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வரவே இல்லை. அப்போது இருந்த 354டியையும் 67ஐயும் ஒழுங்காகப் போட்டிருந்தாலே போதுமான வழக்குகளில், இல்லாத சட்டத்தின் பெயரைச் சொல்லி ஆண்டுகள் ஓடின. கடலுக்கு அப்பால் இலங்கையில் 2024இல் இணையவழிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெயரில் பாதுகாப்பு இருக்கிறது. எந்தக் கூற்று தடை செய்யப்பட்டது என்று சொல்லும் அதிகாரத்தை ஒரு ஆணைக்குழுவிடம் கொடுத்தது, பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் எதிர்த்தார்கள். புண்பட்டவரின் பெயரைச் சொல்லி ஆளுபவரைக் காப்பாற்றும் வித்தை எல்லா நாட்டுக்கும் பொது.

‘நான் எழுதல சார், ஃபார்வர்ட்தான் பண்ணேன்’ என்ற சாக்குக்கும் சென்னையில் முடிவு கட்டியாகிவிட்டது. 2018இல் நடிகரும் அரசியல்வாதியுமான எஸ்.வி. சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். எழுதியவர் வேறொருவர். கண்ணில் மருந்து போட்டிருந்ததால் படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார். பகிர்வது என்பது அதை ஏற்று வழிமொழிவதே என்று உயர் நீதிமன்றம் சொன்னது. வழக்கை ரத்து செய்யக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார், 2023இல் அங்கும் தள்ளுபடி. 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தார்கள். ஊர் வாட்ஸப் குழுவில் ‘இது நம்ம ஊர்ப் பொண்ணா பாருங்க’ என்று ஒரு படத்தைத் தள்ளிவிடும் பெரிய மனிதர்கள் கவனிக்க வேண்டிய வழக்கு. அக்கறையில் கேட்டேன் என்பார்கள். கண் மருந்து அளவுக்கே அந்தப் பதிலும் செல்லும்.

தமிழார்வலர்கள் சிலர், எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் ஆங்கிலச் சொல்தான், நல்ல தமிழ்ச் சொல் கண்டுபிடித்துவிட்டால் தீரும் என்கிறார்கள். குப்பத்தில் 1997 முதல் ஒரு திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது, நான்கு மொழியிலும் சொல்லாக்கம் செய்ய ஆளுக்கா பஞ்சம்? ‘ட்ரோல்’ என்பதற்குப் பதில் ஒரு தூய தமிழ்ச் சொல்லை வைத்து, அதற்குள்ளும் கேலியையும் கொடுமையையும் சேர்த்தே அடைத்தால், பழைய மூட்டைக்குப் புதுச் சாயம் பூசியதாகும். புதுச் சொல் தேவையில்லை. மிரட்டினான், பின்தொடர்ந்தான், படத்தைத் திருடினான், பொய்ப் படம் செய்தான், ஆள்மாறாட்டம் செய்தான், பணம் கேட்டான் என்று நம்மிடம் எத்தனை வினைச்சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் செய்தவன் வால்போல ஒட்டிக்கொண்டே வருகிறான்.

புகார் எழுதிக் கொடுப்பவர்களிடம், அதாவது பக்கத்து வீட்டு ஆசிரியர், மகளிர் குழுத் தலைவி, வார்டு உறுப்பினர், ஜெராக்ஸ் கடைக்காரர் ஆகியோரிடம் ஒரு வேண்டுகோள். ‘ட்ரோல் செய்கிறார்கள்’, ‘வீடியோ லீக் ஆகிவிட்டது’ என்று எழுதாதீர்கள். இந்தத் தேதியில், இந்த எண்ணிலிருந்து, இன்னது அனுப்பினார். வேண்டாம் என்று இந்தத் தேதியில் சொன்னேன். அதன் பிறகு இத்தனை முறை அனுப்பினார் என்று எழுதுங்கள். அழிப்பதற்கு முன் திரையைப் படம் எடுத்து வையுங்கள், இணைப்பு முகவரியையும் குறித்து வையுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள். படம் அனுப்பியவன் பெங்களூரில் இருக்கிறான், சிம் வாணியம்பாடியில் வாங்கியது, உங்கள் வீடு ராமகுப்பத்தில் என்றால், எந்த ஊர்க் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ‘எங்கள் எல்லையில் வராது’ என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது என்பது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சம்ஹிதையின் 173ஆம் பிரிவு.